பயிர்க் கூடாரத்தில் வாயுத் தொற்றுநீக்கம்: செய்வனவும் தவிர்ப்பனவும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



தக்காளி, குடைமிளகாய் ஆகிய பயிர்களைப் பொலித்தீன் கூடாரங்களிற் செய்கை பண்ணுவோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றனர். “சித்திரவடிவ நோய் கண்ட பயிரைப் பிடுங்கிவிட்டோம். அடுத்த பயிரை நடுமுன்னர் கூடாரத்தை மூடி ஏதேனும் வாயுவை அடைத்து வைத்தால், கம்பிகளிலும் தட்டுக்களிலும் ஒட்டியிருக்கும் வைரசு அழிந்துவிடாதா? கழுவித் துடைக்கும் வேலை மிச்சமாகுமே” என்பதே அக்கேள்வி.

இதற்கு முதலிலேயே விடை கூறிவிடுகிறேன். வைரசைக் கெடுக்கும் வாயுக்கள் உண்டு. ஆனால், அவை இறுக மூடப்பட்டதும், ஆளற்றதும், முன்னரே கழுவப்பட்டதுமான இடத்தில் மட்டுமே வேலை செய்யும். நமது கூடாரம் அத்தகைய இடமன்று. கழுவும் வேலையை எந்த வாயுவும் மிச்சப்படுத்தித் தராது. அதற்கு மாறாக, உங்கள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு செய்யக்கூடும்.

இந்த விடையை நான் நூலில் மட்டும் படித்து அறிந்தவனல்லன். பணியில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில், மலைநாட்டிலுள்ள ஒரு கமக்காரருக்கு நானே பிழையான விடையைக் கூறினேன். அவருடைய தக்காளிக் கூடாரத்தில் ஏறக்குறைய அரைப் பங்கு செடிகளுக்குச் சித்திரவடிவ நோய் கண்டிருந்தது. செடிகளைப் பிடுங்கியபின் போமலினையும் பொற்றாசியம் பரமங்கனேற்றையும் சேர்த்து வாயு எழுப்புமாறு கூறினேன். விவசாயப் பாடசாலையிற் படித்த அளவுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு பெரிய பிளாத்திக்கு வாளியைக் கூடாரத்தின் நடுவில் வைத்து, இரண்டையும் ஒருங்கே ஊற்றினார். கலவை உடனே கொதித்துப் பொங்கியது. வாசலை நோக்கி ஓடி வந்தவர் கண் திறக்க இயலாமலும் மூச்செடுக்க இயலாமலும் வரப்பில் விழுந்தார். ஓர் இரவு வைத்தியசாலையில் தங்கவேண்டியதாயிற்று. தெய்வாதீனமாகப் பார்வைக்குக் கேடு வரவில்லை.

இவ்வளவு துன்பப்பட்டபின் நட்ட புதிய தக்காளியில் ஆறாவது கிழமை மீண்டும் அதே நோய் தோன்றியது. எந்தச் செடிகளில் முதலில் தோன்றியது என்று வரிசை வரிசையாகப் பார்த்தோம். பழைய சணற்கயிற்றை மீண்டும் கட்டிய வரிசைகளிலேயே அது தொடங்கியிருந்தது. அக்கயிறு வாயு எழுப்பிய நாளன்று கூடாரத்தினுள் இருக்கவேயில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிகளிலும் பழைய செடியின் சாறு கறுப்பு நிறத்தில் படிந்திருந்தது. கழுவும்படி நான் கூறவில்லை. தவறு என்னுடையது. அத்தவறு உங்கள் எவருக்கும் நேராதிருக்கவே இன்று இதனை விரிவாகச் சொல்கிறேன்.

வைரசு எங்கே தங்குகிறது?

தக்காளி, மிளகாய், புகையிலை ஆகியவற்றைத் தாக்கும் சித்திரவடிவ வைரசுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் புகையிலைச் சித்திரவடிவ வைரசே உலகில் முதன்முதலாக ஆராயப்பட்ட வைரசாகும். நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பற்றீரியாக்கள் புகமுடியாத வடிகட்டியில் வடித்த பின்னரும் அச்சாறு நோயை உண்டாக்கியதை 1892 இல் இவனோவ்சுக்கி என்னும் உருசிய அறிஞர் கண்டார். 1898 இல் ஒல்லாந்து அறிஞர் பெயரிங்கு இது பற்றீரியாவினும் வேறான ஒரு தொற்றுப்பொருள் என எடுத்துரைத்தார். 1935 இல் அமெரிக்க அறிஞர் சுத்தான்லி இதனை உப்பைப் போலப் பளிங்காக்கிக் காட்டினார். பளிங்காக்கிய பின்னரும் அது நோயுண்டாக்கும் வலுவை இழக்கவில்லை.

இதிலிருந்து கமக்காரர் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இவ்வைரசு உலர்ந்து போவதால் அழிவதில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை நீளவாக்கில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும், அத்துணைச் சிறியது. செடியைக் கிள்ளும்போதும், பக்கக்கிளை ஒடிக்கும்போதும், கயிறு கட்டும்போதும் வெளிவரும் சாற்றில் அது கோடிக்கணக்கில் உள்ளது. அச்சாறு விரலிலும், கத்தியிலும், உடையிலும், கம்பியிலும், நாற்றுத் தட்டிலும் காய்ந்து படிகிறது. இருளிற் கிடக்கும் உடையில் அது ஆண்டுக்கணக்கிலும் வலுவோடு இருக்கும். பதப்படுத்திய புகையிலையிற் பல்லாண்டுகள் இருக்கும்.

வைரசுகளுள் இருவகை உண்டென்பதையும் கவனியுங்கள். சிலவற்றுக்கு வெளியே கொழுப்பாலான உறை உண்டு. கோழிகளுக்கு வரும் இராணிக்கெற் நோயின் வைரசும், 2020 இல் உலகெங்கும் பரவிய கொவிட் நோயின் வைரசும் அவ்வகையின. சவர்க்காரமே அவ்வுறையைக் கரைத்து அவற்றை அழித்துவிடும். நமது சித்திரவடிவ வைரசுக்கு அத்தகைய கொழுப்புறை கிடையாது. தடித்த புரதச் சட்டையே உண்டு. ஆதலால், மற்றொரு வைரசை ஒரு மருந்து அழித்தது என்று கேள்விப்பட்டு, அதே மருந்து தக்காளி வைரசையும் அழிக்கும் என்று எண்ணிவிடலாகாது.

வாயு வேறு, புகை வேறு, புகார் வேறு

நாம் பேச்சில் இம்மூன்றையும் “புகை போடுதல்” என்றே சொல்லிவிடுகிறோம். இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

புகை என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய கரித்துகள். வேப்பிலைப் புகையும் சாம்பிராணிப் புகையும் கொசுவையும் சில பூச்சிகளையும் விரட்டலாம். வைரசை அவை அழிப்பதில்லை.

புகார் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி. தெளிகருவியால் எழுப்பும் மருந்துப் புகார் மேலிருந்து கீழே படியும். தட்டின் மேற்பக்கம் நனையும். கீழ்ப்பக்கமும் இடுக்கும் நனையா. கொவிட் நோய்க் காலத்தில் தெருக்களிலும் மனிதர்மேலும் மருந்து தெளித்தார்கள் அல்லவா? 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், மனிதர்மேல் மருந்து தெளித்தல் எந்நிலையிலும் தகாதென்றும், அழுக்கும் தூசியும் உள்ள வெளியிடங்களில் தெளிப்பதாற் பயன் குறைவென்றும் அறிவித்தது.

வாயு இவ்விரண்டிலும் வேறானது. காற்றோடு காற்றாகக் கலந்து, காற்றுப் புகும் ஒவ்வோர் இடுக்கினுள்ளும் புகும். அதுவே அதன் சிறப்பு. அதே காரணத்தால், காற்று வெளியேறும் ஒவ்வொரு துளையின் வழியாகவும் அது வெளியேறிவிடும். அதுவே அதன் குறை. வாயுவை அடைத்துக் கிருமியையோ பூச்சியையோ அழிப்பதைத் தூமமூட்டல் என்று சொல்வர்.

தூமமூட்டலுக்கு வேண்டிய நிபந்தனைகள்

வைரசை அழிக்கும் தூமமூட்டலுக்கு நெடுங்காலம் பயன்பட்டு வந்தது போமல்டிகைட்டு என்னும் வாயு. இவ்வாயு நீரிற் கரைந்த நிலையே போமலின் எனப்படுகிறது. கிணற்று நீருக்கு முன்னாளில் இட்டுவந்த ஊதா நிறக் கொண்டிஸ், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, போமலினோடு சேரும்போது கடும் வெப்பம் பிறந்து வாயு வெளிப்படும். இவ்வாயு வைரசின் புரதச் சட்டையோடும் உள்ளிருக்கும் கருவமிலத்தோடும் பிணைந்து, அவை தம் தொழிலைச் செய்யவொட்டாமற் பூட்டிவிடுகிறது.

அவ்வாறு நிகழ்வதற்கு ஐந்து நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, இடம் காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஈரப்பதன் நூற்றுக்கு 70 க்குக் குறையாதிருத்தல் வேண்டும். மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஈரத்திற் கரைந்த பின்னரே வாயு வைரசைத் தொடுகிறது. உலர்ந்த காற்றில் அதன் வலு குன்றும்.

மூன்றாவது, வெப்பநிலை 21 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். குளிர்ந்த இடத்தில் வாயு வெள்ளைத் தூளாக மாறிப் பரப்பிற் படிந்துவிடும். அத்தூள் நாட்கணக்கிற் சிறிது சிறிதாக வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். கூடாரங்கள் மிகுதியாகவுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகையே என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, வாயு போதிய அளவிற் போதிய நேரம் நிலைத்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, பரப்பு சுத்தமாயிருத்தல் வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. காய்ந்த சாறும், மண்ணும், பாசியும் படிந்த கம்பியில் வாயு அழுக்கின் வெளிப்பக்கத்தோடு பிணைந்து தன் வலுவை அங்கேயே செலவழித்துவிடும். உள்ளேயிருக்கும் வைரசு அழுக்கைப் போர்வையாகக் கொண்டு தப்பிவிடும். கழுவாத பரப்புக்கு வாயு ஊட்டுவது, சேறு பூசிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

கணக்குப் பார்ப்போம்

குஞ்சு பொரிக்கும் நிலையங்களிற் கைக்கொள்ளப்பட்டுவந்த ஒற்றைப் பங்கு அளவு, 100 கன அடிக்கு 40 மில்லிலீற்றர் போமலினும் 20 கிராம் பரமங்கனேற்றும் ஆகும். 60 அடி நீளமும், 20 அடி அகலமும், சராசரி 10 அடி உயரமுமுள்ள கூடாரம் 12,000 கன அடி கொள்ளும். அதற்கு ஒற்றைப் பங்குக்கே 4.8 இலீற்றர் போமலினும் 2.4 கிலோகிராம் பரமங்கனேற்றும் வேண்டும். கடுந்தொற்றுக்கு இடும் மூன்று பங்காயின் 14.4 இலீற்றரும் 7.2 கிலோகிராமும் ஆகும். இத்தனையும் ஒருசில நிமிடங்களிற் கொதித்து வாயுவாக எழும்.

எழுந்த வாயு எங்கே போகும்? நமது கூடாரத்தின் பக்கங்களிற் பூச்சி வலை உண்டு. கூரையுச்சியில் வெப்பம் வெளியேறும் திறப்பு உண்டு. தரை வெறும் மண். வாயு வலை வழியே வெளியேறும், மண்ணுள்ளும் உறிஞ்சப்படும். அரைமணி நேரத்தில் உள்ளே நிற்பது சிறிதளவே. வெளியேறியது அயலிலுள்ள வீட்டுக்கும், அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கும் போகும். பணம் செலவாயிற்று, ஆபத்து விளைந்தது, வைரசு இருந்தபடியே இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த தாளின் கதையும் இதுவே.

இவ்வாயு கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றை எரிக்கும். மிகுதியாக உட்சென்றால் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். காற்றோடு தக்க அளவிற் கலந்தால் தீப்பற்றவுங் கூடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சருவதேச நிறுவனம் 2004 இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. முகத்திற் கட்டும் துணியும், கொவிட் காலத்து முகமூடியும் இதனைத் தடுப்பதில்லை. ஆதலால், கமக்காரர் எவரும் தம் கையாற் போமலின் வாயு எழுப்பலாகாது என்பதே என் உறுதியான ஆலோசனை.

ஏனைய வாயுக்கள்

“போமலின் வேண்டாம்; வேறு வாயு இல்லையா?” என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொசுபீன்: களஞ்சியத்தில் நெல்லையும் அரிசியையும் தாக்கும் வண்டுகளைக் கொல்ல இடப்படும் அலுமினியம் பொசுபைட்டு வில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு இவ்வாயுவை வெளிவிடுகின்றன. இது மூச்சுவிடும் பூச்சியைக் கொல்லும். வைரசு மூச்சுவிடுவதில்லை, ஆதலால், இதனால் அதற்குக் கேடில்லை. ஆனால், மூச்சுவிடும் மனிதனை இது விரைவிற் கொல்லும். நெல்லுக்கு இட்டு மிஞ்சிய வில்லையைக் கூடாரத்திற் போட்டுப் பார்ப்போம் என்று எவரும் எண்ணற்க. பயிற்சி பெற்றோரன்றி ஏனையோர் அதனைத் தொடவே கூடாது.

மெதைல் புரோமைட்டு: முன்னாளில் மண்ணைத் தூமமூட்டப் பயன்பட்டது. வளிமண்டலத்தின் ஓசோன் படையைக் கெடுப்பதால், மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வளர்முக நாடுகள் 2015 ஆம் ஆண்டுடன் இதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்தின. ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்களின் பீடைத்தடுப்புத் தேவைக்கு மட்டும் விலக்கு உண்டு. கமக்காரருக்கு உரியதன்று.

கந்தகப் புகை: கந்தகத்தை எரிக்கப் பிறப்பது கந்தகவீரொட்சைட்டு வாயு. பழைய காலத்தில் அறைகளைச் சுத்திகரிக்க எரித்தார்கள். பூச்சிக்கும் பங்கசுக்கும் ஓரளவு பயன் தரும். சித்திரவடிவ வைரசுக்கு இதனை நம்பலாகாது. ஈரத்திற் கரைந்து அமிலமாகி இரும்புச் சட்டத்தையும் அரிக்கும்.

ஓசோன், குளோரீன் ஈரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு ஆவி: இவை வைரசை ஒட்சியேற்றிச் சிதைக்கும் ஆற்றல் உடையன. வைத்தியசாலை அறைகளிலும், ஆய்வுகூடங்களிலும், மருந்து ஆலைகளிலும் அளவுமானியும் காற்றிறுக்கமும் உள்ள இடங்களிற் பயன்படுகின்றன. பெட்டி போன்ற சிறு கருவியொன்றைக் காட்டி, “இதனைக் கூடாரத்தில் வைத்தால் வைரசு முழுவதும் ஒழியும்” என்று எவரேனும் விற்க வந்தால், மேலே சொன்ன ஐந்து நிபந்தனைகளையும் அவரிடம் கேளுங்கள். மனிதர் உள்ளே நிற்கக்கூடிய அளவு சிறிதாக ஓசோன் இருந்தால், கம்பியிற் காய்ந்த வைரசுக்கு அது போதாது. வைரசுக்குப் போதுமான அளவு இருந்தால், உள்ளே நிற்பவரின் நுரையீரலுக்குக் கேடு.

வாயு பயன்படும் இடம் இல்லையோ எனின், உண்டு. குஞ்சு பொரிக்கும் நிலையங்களிற் சுத்தமான முட்டைகளை இறுக மூடிய பெட்டியில் வைத்து, போமல்டிகைட்டு வாயுவை மூன்று பங்கு அளவில் 20 நிமிடம் ஊட்டி, பின்னர் விசிறியால் வெளியேற்றுவர். பெட்டி சிறிது, முட்டை சுத்தமானது, ஈரமும் வெப்பமும் அளவானவை, ஆள் வெளியே நிற்கிறார். ஐந்து நிபந்தனைகளும் அங்கே நிறைவேறுகின்றன. உங்கள் வீட்டுக் கோழிக்கூடு கம்பி வலையால் ஆனது. அதற்கு வாயு உதவாது. பழைய குப்பையை அள்ளி அகற்றி, சவர்க்கார நீராற் கழுவி, உலரவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். இராணிக்கெற் நோய்க்குரிய தடுப்பூசியைக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டு உரிய காலத்தில் ஏற்றுங்கள். அதுவே போதுமான காவல்.

நீங்கள் செய்யவேண்டிய முறை

இனி, சித்திரவடிவ நோய் கண்ட கூடாரத்தை வாயுவின்றிச் சுத்திகரிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. செடிகளை வேரோடு பிடுங்கி, சாக்கில் அடைத்து வெளியே கொண்டு செல்லுங்கள். கூட்டெருக் குவியலிற் சேர்க்காதீர்கள். ஆழக் குழியிற் புதையுங்கள், அல்லது உலர்த்தி எரியுங்கள். மண்ணில் எஞ்சும் வேர்த்துண்டு உக்கி முடியும் வரையில் அதனுள் வைரசு இருக்கும். ஆதலால், வேரைப் பொறுக்குவதிற் சோம்பல் கூடாது.

2. பழைய சணற்கயிறு, பிளாத்திக்குக் கயிறு, கட்டுத்துணி ஆகியவற்றை மீண்டும் பாவிக்காதீர்கள். கயிற்றின் நார்களிடையே காய்ந்த சாற்றை எதனாலும் முற்றாகக் கழுவ முடியாது. ஒரு போகத்துக் கயிற்றின் விலையையும் ஒரு போகத்துத் தக்காளியின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. கம்பி, சட்டம், நாற்றுத் தட்டு, தொட்டி, கூடை, கதவுப் பிடி ஆகியவற்றைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு தூரிகையாலே தேய்த்துக் கழுவுங்கள். கறுப்புப் படிவு முழுவதும் நீங்கவேண்டும். நல்ல நீரால் அலசுங்கள். முழு வேலையிலும் முக்காற் பங்கு இதுவே.

4. பின்னர் குளோரீன் கரைசலாலே தொற்றுநீக்குங்கள். நூற்றுக்கு 5 வலுவுள்ள வெளிற்றும் திரவமாயின், 1 இலீற்றருக்கு 9 இலீற்றர் நீர் சேருங்கள். நூற்றுக்கு 30 குளோரீனுள்ள வெளிற்றும் தூளாயின், 10 இலீற்றர் நீருக்கு ஏறக்குறைய 170 கிராம் இட்டுக் கலக்கி, தெளிந்தபின் மேல்நீரை எடுங்கள். இரண்டிலும் நூற்றுக்கு 0.5 வலுவுள்ள கரைசல் கிடைக்கும். பரப்பு 10 நிமிடமேனும் ஈரமாக இருக்கும்படி பூசி, பின்னர் அலசுங்கள். அலசாவிடில் இரும்பு அரிக்கும். கரைசலை அன்றன்றைக்கே செய்து அன்றே முடித்துவிடுங்கள். இறப்பர்க் கையுறையும் கண் காப்பும் அணியுங்கள்.

5. சிறு கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் கழுவியபின் 20 நிமிடம் கொதிநீரில் இடலாம். செடிச்சாற்றிலுள்ள புகையிலைச் சித்திரவடிவ வைரசு ஏறக்குறைய 93 பாகை செல்சியசு வெப்பத்திற் பத்து நிமிடத்தில் வலுவிழக்கும். கொதிநீர் அதனிலும் சூடானது.

6. புதிய பயிரிற் கிளை ஒடிக்கும்போதும் கத்தரிக்கும்போதும், ஆடை நீக்கிய பால்மா 200 கிராமை ஓர் இலீற்றர் நீரிற் கரைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடிக்கும் பின்னர் கையையும் கத்தியையும் அதில் நனையுங்கள். பாலிலுள்ள புரதம் வைரசைச் சூழ்ந்து, செடியினுட் புகவிடாமல் தடுக்கிறது. பால்மா விலை கூடியதென்பதை நான் அறிவேன். ஆயினும், ஒரு காலை வேலைக்கு ஓர் இலீற்றர் போதும். அழுக்கானால் மாற்றுங்கள். ஒரு கத்தி பாலில் ஊற, மற்றது வேலை செய்ய, இரண்டு கத்திகளை மாறிமாறிப் பாவிப்பது நன்று.

7. புகைபிடிப்போரும் வெற்றிலையுடன் புகையிலை போடுவோரும் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சுருட்டிலும் வாய்ப் புகையிலையிலும் வைரசு வலுவோடு இருக்கலாம். அவற்றைத் தொட்ட விரலாலே நாற்றைத் தொடுவது நோயை நட்டுவைப்பதற்கு ஒப்பாகும். கூடாரத்தினுட் புகையிலையை விலக்குங்கள். வெளியே பாவித்தவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே நாற்றைத் தொடவேண்டும். யாழ்ப்பாணத்திலே புகையிலையும் மிளகாயும் ஒரே தோட்டத்திற் செய்வோர் முதலில் மிளகாயில் வேலையை முடித்து, பின்னர் புகையிலைக்குச் செல்லுங்கள்.

8. கூடாரத்துக்கென ஒரு சட்டையைத் தனியே வைத்து, அதனை அடிக்கடி வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் துவையுங்கள். வெயிலிற் காயப் போடுவது நல்லதே. ஆயினும், இந்த வைரசைப் பொறுத்தவரை வெயில் ஒன்றையே நம்பலாகாது.

9. நீங்களே எடுத்த தக்காளி, மிளகாய் விதையாயின், முச்சோடியம் பொசுபேற்று 100 கிராமை ஓர் இலீற்றர் நீரிற் கரைத்து, அதில் விதையை 20 நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் நன்கு அலசி நிழலில் உலர்த்துங்கள். கரைசல் காரமானது, கையுறை அவசியம். மருந்து பூசி விற்கப்படும் விதைக்கு இது வேண்டியதில்லை.

10. இயலுமாயின், அடுத்த போகம் கத்தரிக் குடும்பத்தைச் சேராத கோவா, கரட், வெங்காயம் போன்றவற்றைச் செய்யுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு யாவும் ஒரே குடும்பம் என்பதை மறவாதீர்கள்.

வேண்டாமல் எழும் வாயு

வாயுவை எழுப்பாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அறியாமல் எழுப்பிவிடும் வாயுவைப் பற்றியும் ஒரு சொல். குளோரீன் கரைசலோடு வினாகிரி, எலுமிச்சஞ் சாறு, மலசலகூடம் கழுவும் அமிலத் திரவம் ஆகியவற்றுள் எதனையும் சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு எழும். அமோனியாவோடு சேர்ந்தாலும் நெஞ்சை எரிக்கும் வாயுக்கள் எழும். “இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்பு வலு” என்னும் எண்ணம் இங்கே உயிருக்கு ஆபத்து. போமலினோடும் குளோரீனைச் சேர்க்கலாகாது. வெளிற்றும் தூளைப் பசளையும் பீடைநாசினியும் உள்ள அறையில் வைக்காமல், உலர்ந்த தனியிடத்திற் பிள்ளைகளின் கைக்கெட்டாது வையுங்கள். கூடாரத்தின் எல்லாப் பக்கங்களையும் திறந்து வைத்தே கழுவுங்கள்.

எவருக்கேனும் வாயு தாக்கினால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, கண்ணைச் சுத்தமான நீரால் 15 நிமிடமேனும் கழுவி, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாவித்த பொருளின் பெயர்ச்சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

பூச்சி பரப்பும் நோய்களும் நெற்பயிரும்

எல்லா வைரசு நோயும் பரப்புகளிலிருந்து வருவதன்று. தக்காளியின் மஞ்சள் இலைச்சுருளலையும், வெண்டியின் மஞ்சள் நரம்புச் சித்திரவடிவ நோயையும் வெண் ஈ பரப்புகிறது. வெள்ளரிச் சித்திரவடிவ வைரசை அழுக்கணவன் பரப்புகிறது. இந்நோய்கள் கண்ட தோட்டத்திற் கம்பியைக் கழுவுவதால் மட்டும் நோய் நிற்காது. நோயுற்ற செடியைத் தொடக்கத்திலேயே அகற்றி, நாற்றுமேடையை நுண்வலையால் மூடி, களைகளை ஒழித்துப் பூச்சியைத் தடுக்கவேண்டும். ஆதலால், மருந்தைத் தேடுமுன் நோய் எதுவென்று அறியுங்கள். நோயுற்ற கிளையொன்றைப் பொலித்தீன் பையிலிட்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

நெற்செய்கையாளருக்கும் இதுவே விடை. நெல்லின் துங்ரோ நோயைப் பச்சைத் தத்தியும், புல்போற் குட்டையாக்கும் நோயைக் கபில நிறத் தத்தியும் பரப்புகின்றன. அவ்வைரசுகள் மண்வெட்டியிலோ களஞ்சியச் சுவரிலோ தங்கியிருந்து பயிருக்கு வருவனவல்ல. வயலிற் புகை எழுப்புவதும் களஞ்சியத்துக்கு வாயு ஊட்டுவதும் அவற்றைத் தடுக்கமாட்டா. தத்திக்கு எதிர்ப்புள்ள இனத்தைத் தெரிவதும், அயலார் யாவரும் ஒரே காலத்தில் விதைப்பதும், யூரியாவை அளவு மீறி இடாமையும், சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களைக் கொல்லும் பீடைநாசினிகளைத் தவிர்ப்பதுமே அங்கே வழியாகும்.

முடிவுரை

பெருமக்களே, நான் தவறாக ஆலோசனை கூறிய அந்தக் கமக்காரர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த போகத்தில் அவரும், அவருடைய மனைவியும், நானும் மூன்று நாள் தூரிகையும் வாளியும் கொண்டு அக்கூடாரத்தைக் கழுவினோம். கயிறு முழுவதையும் எரித்தோம். நடவின்போது வாசலிற் பால்மாக் கரைசல் வைக்கப்பட்டது. அப்போகத்தில் நான்கு செடிகளில் மட்டும் நோய் கண்டது. அவற்றைக் கையாற் பிற செடிகளைத் தொடுமுன்னரே பிடுங்கிச் சாக்கில் அடைத்தார். மற்றவை யாவும் காய்த்தன.

வாயு நம் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் புகுந்து வேலை செய்யும் என்பதால் அதன்மேல் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆயினும், அது நம் நெஞ்சினுள்ளும் அவ்வாறே புகும். கழுவுவது கடினமான வேலைதான்; கை நோகும், மூன்று நாள் செல்லும். ஆனால், கழுவிய இடம் எது, கழுவாத இடம் எது என்பதை உங்கள் கண்ணே உங்களுக்குக் காட்டும். அடுத்த பயிரை நடுமுன்னர் கம்பியைக் கையாலே தடவிப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் இன்னும் கழுவவேண்டியிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.